ஆயிரத்து இருநூறு அடி

பிப்ரவரி 3
படப்பிடிப்பு முகாம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம், உன் அத்தான் சுகம், என் முதுகு மட்டும் சுகமில்லை. எடிட்டிங் மேசை முன்னால் நாளைக்கு ஒன்பது மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் அதுதான் என்ன செய்யும்? உன் வயிற்று வலி போய்விட்டதா? காபியைக் குறைத்தாயா?

முகாம் ஒரு பெரிய பொட்டல்வெளி. நடுவில் கைவிடப்பட்ட பழைய ஓடுபாதை, ஓரத்தில் தகரக் கொட்டகைகள். அதில் ஒன்றில் என் மேசை. இங்கே போன் கிடையாது. வாரம் இரண்டு நாள் ஒரு வேன் பிலிம் டப்பாக்களை நகரத்து லேபுக்கு எடுத்துப் போகும். கழுவிய பிலிமையும் தபாலையும் கொண்டு வரும். உன் பயிற்சி நிலையத்துப் போன் பக்கத்திலோ ஒரு கிளார்க் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் ஒரு வான் சண்டை. எதிரி துரத்துகிறான். கதாநாயகன் சட்டென்று விமானத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, அப்படியே கீழ்நோக்கி வளைத்து, தரைக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் வெளியே வர வேண்டும். கதாநாயகன் பாதுகாப்பாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக் காட்டுவார். மேலே போவது உன் அத்தான். படையில் இருபத்தைந்து வருஷம் ஓட்டியவர்தான். ஆனால் இதை இவ்வளவு தாழ்வாக அவர் செய்ததில்லை.

இதெல்லாம் நிஜத்தில் நடக்கிற காரியமா? நடக்குமென்றால் எவ்வளவு உயரத்தில் தொடங்க வேண்டும்? உன்னிடம் தரையில் உட்கார்ந்தபடியே பறந்து பழகுகிற சிமுலேட்டர் இருக்கிறதே. உன் அத்தானுக்குக் கேட்கக் கௌரவக் குறைச்சல். "உன் தம்பி, அந்த நாற்காலி பைலட்டைக் கேளேன்"னு என்னை ஏவுகிறார். அவர் பறக்கும்போது நான் கொட்டகையை விட்டு வெளியே வருவதே இல்லை. அவ்வளவு பயம். சிரிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

பிப்ரவரி 11
பயிற்சி நிலையம்

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு பரவாயில்லை. காபி ஐந்திலிருந்து நான்காகியிருக்கிறது. உன் முதுகுக்கு ஒரு நல்ல தலையணை வை.

சினிமா வான் சண்டை பார்த்தால் இங்கே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். இரண்டு விமானமும் பஸ் ஸ்டாப்பில் நிற்பதுபோல் ஒட்டி உரசிப் பறக்கும். நிஜத்தில் எதிரி கண்ணாடியில் ஒட்டின தூசி மாதிரித்தான் தெரிவான். அந்தத் தூசியைத் தொலைத்துவிட்டால் அவ்வளவுதான். சினிமாவில் இறுக்கித் திருப்பிக்கொண்டே பைலட் வசனம் பேசுவார். நிஜத்தில் அப்போது உடம்பு நான்கைந்து மடங்கு கனக்கும். கன்னம் தொங்கும், கண்ணின் ஓரங்கள் கறுத்துக்கொண்டு வரும், மூச்சு விடுவதே பெரும்பாடு. அதோடு ஒவ்வொரு இறுக்கமான திருப்பத்திலும் வேகம் போகும். போன வேகத்தை உயரத்தை விட்டுக்கொடுத்துத்தான் மீட்க வேண்டும். சினிமா விமானத்துக்கு வேகம் குறைவதே இல்லை.

எங்கள் சிமுலேட்டர் இதையெல்லாம் ஒழுங்காகக் கணக்குப் பார்க்கும். ஆனால் உடம்பு கனக்காது. நாற்காலி கொஞ்சம் குலுங்கும், அவ்வளவே. தரையில் மோதினால் திரை சிவப்பாகும். ஒரு பொத்தானை அமுக்கினால் மறுபடி ஓடுபாதையில் நிற்பேன். நான் எத்தனையோ தடவை செத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். சினிமாவில் உடம்பு நிஜம், கணக்கு பொய். இங்கே கணக்கு நிஜம், உடம்பு பொய்.

உங்கள் 'போர் விமானம்' எங்கள் பயிற்சி விமானத்துக்குச் சாயம் பூசியதுதான் என்று அத்தான் முன்பே சொல்லியிருக்கிறார். அதனால் இங்கே செய்து பார்த்தால் பொருந்தும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முயல்கிறேன். அனுமதி இல்லாமல் தொட்டதற்கு ஏற்கெனவே ஒரு தடவை எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. இன்னொரு தடவை என்றால் வேலையும் போகும், நிலையம் கொடுத்த வீடும் போகும். யாரிடமும் மூச்சு விடாதே. கண் பரிசோதனையில் தோற்று ஒரு நாளும் தரையை விட்டு எழும்பாதவன் அத்தானுக்குக் கணக்குச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தம்பி

பிப்ரவரி 17
முகாம்

தம்பிக்கு,

தலையணை வைத்தேன். இப்போது கழுத்து வலிக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

உன் பெயர் சொல்லாமல் உன் கடிதத்தில் பாதியை டைரக்டருக்குப் படித்துக் காட்டினேன். "எதிரி தூசி மாதிரி தெரிஞ்சா யாரும்மா டிக்கெட் வாங்குவா? சனங்களுக்கு முகம் தெரியணும்" என்றார். அந்த ஒரு ஷாட் மட்டும் தந்திரமில்லாமல் நிஜமாக வேண்டுமாம். விமானமும் தரையும் ஒரே பிரேமில் தெரிய வேண்டுமாம். ஆயிரத்து ஐந்நூறு அடிக்கு மேலே போனால் பொம்மை மாதிரி இருக்கிறதாம்.

உன் அத்தான் ராத்திரி சாப்பிடும்போது, "அவன் எழுதிட்டானா?" என்று மட்டும் கேட்டார். சீக்கிரம் எழுது.

அக்கா

பிப்ரவரி 25
நிலையம்

அக்காவுக்கு,

நான் நலம். இந்த வாரம் மூன்று நாள் மதியச் சாப்பாடே இல்லை, எல்லாம் உன் வீட்டுக்காரரால்.

மூன்று மதியங்களில் முப்பது தடவை செய்து பார்த்தேன். முதல் நான்கு தடவை செத்தேன், கை பழகவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை. வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு கவிழ்க்க வேண்டும். கவிழ்த்ததும் தயங்காமல் இழுக்க வேண்டும். இறங்குவது ஆயிரத்து இருநூறு அடி. பத்து அடி முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் இல்லை. ஆயிரத்து ஐந்நூறில் தொடங்கினால் முந்நூறு அடி மிச்சம். டைரக்டர் கேட்ட உயரமே போதும்!

நாற்காலி பைலட் சொன்னான் என்று அத்தானிடம் மறக்காமல் சொல்.

தம்பி

மார்ச் 3
முகாம்

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். இன்று எனக்கு முதுகுகூட வலிக்கவில்லை.

உன் கணக்கை உன் அத்தான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி விமானத்தின் முகப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். அவர் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவரில்லை. சாயங்காலம் படப்பிடிப்பு முடிந்து திரும்பும்போது, ஐயாயிரம் அடியில் மூன்று தடவை செய்து பார்த்தார். ஆயிரத்து இருநூறேதான் இறங்கியதாம். "உன் தம்பி கெட்டிக்காரன்டி. தலையெழுத்து, கண்ணு சரியில்லாமப் போச்சு" என்றார். அவர் உன்னைப் பாராட்டிக் கேட்டது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஷாட் மார்ச் 30. எனக்கு இன்னும் பயம்தான். ஆனால் நீ சொல்லியிருக்கிறாய் என்று நினைத்தால் தூக்கம் வருகிறது.

அக்கா

மார்ச் 7
நிலையம்

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அத்தானை இரண்டாயிரம் அடியில் தொடங்கச் சொல். இரண்டாயிரத்து இருநூறு என்றால் இன்னும் நல்லது. விசேஷக் காரணம் ஒன்றுமில்லை. சினிமாவுக்காக எதற்கு அவ்வளவு தாழ்வாகப் பறக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அந்தத் துண்டுக் காகிதத்தையும் எடுத்துவிடச் சொல்.

தம்பி

மார்ச் 12
முகாம்

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம்தான் நலமாக இல்லை.

ஒரு வேடிக்கைப் பேச்சு இல்லை, அத்தானைச் சீண்டவில்லை, காபி எத்தனை என்றுகூட எழுதவில்லை. இது நீ எழுதியதா, உன் கிளார்க் எழுதியதா? இரண்டாயிரம் அடி என்று டைரக்டரிடம் சொன்னேன். "அப்ப பொம்மை விமானத்தையே வெச்சு எடுத்துக்கறேன்" என்று கையை விரித்துவிட்டார். உன் அத்தானோ சிரிக்கிறார். "நாற்காலியில உட்கார்ந்திருக்கறவனுக்கே இவ்ளோ பயமா?"

முப்பது தடவை செய்து பார்த்தேன் என்று எழுதியது நீ. மேலே போய்ச் செய்து பார்த்து அதையே சொன்னவர் அவர். நடுவில் என்ன ஆயிற்று? எதையாவது மென்று முழுங்குகிறாயா? நேராகவே கேட்கிறேன். உன் கணக்கில் ஏதாவது தப்பா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அடுத்த வேனுக்கே பதில் போடு.

அக்கா

மார்ச் 23
நிலையம்

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வயிற்று வலி திரும்பி வந்துவிட்டது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதை யோசித்துப் பார்த்தேன். சிமுலேட்டரில் உடம்புக்குக் கனம் கிடையாது என்று முன்பே எழுதினேனே, அதுதான் விஷயம். நான் முப்பது வயதுக்காரன், ஆடாமல் அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்து இழுத்தேன். அத்தானுக்கு நாற்பத்தெட்டு. அந்தக் கனத்தில் கை அரை விநாடி தாமதித்தாலும் இருநூறு அடி கூடுதலாக இறங்கும். வயதானால் இதெல்லாம் சகஜம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால்தான் உயரத்தைக் கூட்டச் சொன்னேன். அவர் மனம் நோகாதபடி நீயே பக்குவமாகச் சொல்.

தம்பி

ஏப்ரல் 4
முகாம்

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

உன் கடிதம் 27-ஆம் தேதி வந்தது. எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் வயது என்ற வார்த்தையை எப்படிச் சர்க்கரை தடவிக் கொடுப்பது? அவர் முகம் செத்துவிட்டது. "ஆயிரத்து ஐந்நூறுலயே செய்யறேன். ஒரு அடி கூட்ட மாட்டேன்" என்றார். செய்தும்விட்டார்.

ஷாட் அன்று முதல் தடவையாகக் கொட்டகையை விட்டு வெளியே வந்தேன். விமானம் கவிழ்ந்தது. பிறகு கீழே வந்தது. வந்துகொண்டே இருந்தது. தரையில் புழுதி எழும்பியதைப் பார்த்தேன், பிறகு எனக்கு நினைவில்லை. யாரோ என் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அவர் இறங்கி வந்து, "எல்லாம் திட்டம் போட்டபடிதான்" என்றார். கேமராக்காரர்கள் கைதட்டினார்கள்.

நேற்று பிலிம் வந்தது. ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். விமானத்தின் நிழல் தரையில் ஓடி வருகிறது. விமானமும் நிழலும் ஒன்றையொன்று தேடிப் போவதுபோல் நெருங்குகின்றன. இறக்கை முனைக்கு முனை முப்பத்தைந்து அடி. மிகத் தாழ்ந்த இடத்தில் அளவுகோலை வைத்து அளந்தேன். விமானத்துக்கும் தரைக்கும் நடுவில் இறக்கையின் நீளம் இரண்டு தடவைகூட அடங்கவில்லை. முந்நூறு அடி மிச்சமிருக்கும் என்றாயே தம்பி, அறுபது அடிதான் இருந்தது.

அளவைக் காட்டினேன். அவரால் மழுப்ப முடியவில்லை. "உன் தம்பி சொன்னதுதான் சரி. என் கை மந்தமாயிருச்சு" என்றார். நேற்றிலிருந்து சாப்பாடு சரியில்லை. கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிறார். விமானத்தில் மாட்டிய இரண்டு கேமராவில் ஒன்று சிக்கிக்கொண்டதால் 12-ஆம் தேதி மறுபடி எடுக்கப்போகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அதே ஆயிரத்து ஐந்நூறில் செய்து, முந்நூறு மிச்சம் வைத்துக் காட்டினால்தான் இனிமேல் விமானத்தில் ஏறுவாராம்.

அவருக்கு நிஜமாகவே வயதாகிவிட்டதா? உனக்குத் தெரிந்ததைச் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 8
நகரம், லேப் வாசல்

அக்காவுக்கு,

இதைப் படித்ததும் அத்தானிடம் கொடு. நீயாகச் சுருக்கிச் சொல்லாதே. அவரே படிக்கட்டும்.

அத்தானின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. தப்பு என்னுடையது.

சிமுலேட்டரில் எரிபொருள் முள்ளை அப்படியே நிறுத்திவைக்க ஒரு சுவிட்ச் உண்டு. காலையில் புதுப் பையன்கள் தரையிறங்கிப் பழகும்போது விமானம் லேசாக இருக்கட்டும் என்று கால்வாசி டேங்கில் வைத்து அதைப் போட்டுவிடுவோம். எவ்வளவு நேரம் பறந்தாலும் முள் இறங்காது, எடையும் மாறாது. பாடம் முடிந்ததும் சுவிட்சை எடுத்துவிட்டு டேங்கை நிரப்பிக் காட்ட வேண்டும். அந்த மூன்று மதியங்களிலும் நான் அவசர அவசரமாக ஏறினேன், சுவிட்சை எடுக்கவில்லை. முப்பது தடவையும் நான் ஓட்டியது கால்வாசி டேங்க் விமானம்.

அத்தான் சாயங்காலம் மேலே செய்து பார்த்தபோதும் டேங்க் காலியாகிற நேரம்தான். கேமராவும் மாட்டியிருக்காது. அதனால்தான் என் கணக்கு அவருக்கும் பொருந்தியது. ஷாட் அன்று டேங்க் நிறைய எரிபொருளும் இரண்டு கேமராவும் இருந்திருக்கும். எடை ஐந்தில் ஒரு பங்கு கூடும். இறங்குகிற உயரமும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆயிரத்து இருநூறு ஆயிரத்து நானூற்று நாற்பதாகும். மிச்சம் அறுபது. நீ பிலிமில் அளந்த அதே அறுபது. வேறு யாராக இருந்தாலும் அந்த அறுபதுகூட இருந்திருக்காது.

மார்ச் 6 அன்று வாராந்தரப் பரிசோதனையில் அந்த சுவிட்சைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத உட்கார்ந்தேன். எழுதினால் சிமுலேட்டரைத் திருட்டுத்தனமாகத் தொட்டது வெளியே வரும், வேலை போகும் என்று பயந்தேன். அதைவிட, நாற்காலி பைலட்டின் கணக்கு தப்பு என்று அத்தான் சிரிப்பார் என்று பயந்தேன். உயரத்தைக் கூட்டச் சொன்னால் போதும், காரணம் எதற்கு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ நேராகக் கேட்டதும் வயதின் மேல் பழியைப் போட்டேன். அந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. யோசித்து யோசித்து எழுதிய பொய் அது.

நேற்று நிலையத் தலைவரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தபாலை நம்பாமல் ஏழு மணி நேரம் பயணம் செய்து வந்து, வேன் ஓட்டுநர் கையிலேயே இதைக் கொடுக்கிறேன்.

அவரை அந்த உயரத்தில் போக விடாதே அக்கா.

தம்பி

ஏப்ரல் 15
முகாம்

தம்பிக்கு,

அத்தான் உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வழியில் அச்சு முறிந்து, வேன் மூன்று நாள் தாமதமாக, 12-ஆம் தேதி காலைதான் வந்தது. அவர் விமானத்தில் ஏறி பெல்ட் கட்டிக்கொண்டிருந்தார். படித்ததும் கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுபாதையில் ஓடினேன். என் முதுகு அன்று எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் உட்கார்ந்தபடியே இரண்டு தடவை படித்தார். என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "அப்ப கைக்கு ஒண்ணுமில்ல" என்றார். இறக்கைக்குக் கீழே சக்கரத்தின் மேல் உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் இரண்டாயிரத்து இருநூறில் செய்தார். டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. பழைய ஷாட்டைத்தான் படத்தில் வைக்கச் சொல்கிறார். அதனால் அந்த அறுபது அடியை நாளெல்லாம் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வேனில் வந்த லேப் ஆள் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொம்மை விமானமா மேடம்? நிஜத்துல எவன் இவ்ளோ கீழ வருவான்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் வேலை என்ன ஆயிற்று என்று அத்தான் கேட்கச் சொன்னார். வீடு போனால் இங்கே வரச் சொல்கிறார். அவர் உன்னை மன்னித்துவிட்டார். ஒரே நாளில், என்னைக் கேட்காமலேயே.

என்னால் முடியவில்லை. தப்புக் கணக்கு யாருக்கும் வரும், அதை நான் அன்றே மறந்துவிட்டேன். ஆனால் உனக்குத் தெரிந்த பிறகு முப்பத்து மூன்று நாள், தம்பி. நடுவில் ஆமா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்டேன். நீ என் புருஷனின் வயதைச் சொன்னாய்.

இன்னொன்று. வேன் ஓட்டுநர் சொன்னார்: "பக்கத்து சீட் காலியாத்தான் இருந்தது. ஏறுங்க தம்பி, நீங்களே போய்ச் சொல்லிடலாம்னேன். வயித்து வலின்னாரு. வண்டி கிளம்புற வரைக்கும் வாசல்லயே நின்னாரு."

நீ வா. சோறு போடுகிறேன், படுக்கப் பாய் போடுகிறேன், வயிற்றுக்கு மருந்து வாங்கித் தருகிறேன். இங்கே உனக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் விமானம் மேலே போகும்போது இப்போதெல்லாம் நான் வெளியே நின்றே பார்க்கிறேன், பயமில்லை. நீ எதிரே உட்கார்ந்து, ஒன்றுமில்லை அக்கா என்று சொல்லப்போகிற நாளை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா